அருள்தாஸ் சார் வீட்டு கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கைவைத்துவிட்டுத்தான் வருவார்கள். ஆரணியில் அது இன்னும் மோசம். வீட்டுக்கு வீடு தறி இருக்கிறது, தறிக்கு எண்ணெய் இருக்கிறது, கிறீச்சென்றால் இரண்டு சொட்டு விடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம். அந்த எண்ணெய் கெட்டி. காற்றில் பறக்கிற பட்டுப் பிசிறையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் ஃபேன் நடுவில் களிம்பு மாதிரி ஆகிவிடும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அருள்தாஸ் சார் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. சார் ரிட்டயர்டு வாத்தியார். பக்கத்து வீட்டு பவர்லூம்காரர் அன்பாக எண்ணெய் விட்டுக் கொடுத்திருக்கிறார். சாரின் மகள் ஜாய்ஸ் வீட்டிலிருந்தே ஆன்லைனில் டியூஷன் எடுக்கிற பெண். அவள்தான் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, இந்த ஞாயித்துக்கிழமையே வந்து சத்தத்த நிறுத்திக் குடுங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை வேலை என்றாலே எனக்கு எரிச்சல். "திங்கக்கிழமை வரேம்மா. ஃபேன் எங்கயும் ஓடிப் போவாது" என்றேன்.

"திங்கக்கிழமை அப்பாவ வேலூர்ல அட்மிட் பண்றோம். தொண்டையில கேன்சர். குரல்வளையவே எடுக்கறாங்க."

"ஞாயித்துக்கிழமையே வரேம்மா" என்றேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வீட்டு வழக்கத்தில், பெண் சர்ச்சுக்குக் கிளம்பும் முன்னால் அப்பா அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்புவார். அன்றைக்கு சாருக்குப் பேச்சு இருக்காது. அதனால் அந்த ஜெபத்தை இப்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

"போன்ல எடுத்தோம், உர்ருன்னு வந்திச்சி. போன் மைக்தான் சரியில்லன்னு என் டியூஷன் மைக்ல எடுத்தா அதுலயும் அதே சத்தம். இந்த ஃபேன்தாண்ணா பேஜார் பண்ணிகினு இருக்கு" என்றாள்.

ஞாயிறு மதியம் போனேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடவில்லை. சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேபினெட்டைத் திறந்தேன். எந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் நுனியை ஒரு நொடி வைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு ஃபேனை நிறுத்தியதும் அறை அடங்கியது. கார்டைக் கழற்றினேன். ஃபேன் நடுவிலிருந்த ஸ்டிக்கரைத் தூக்கி, களிம்பை வழித்தெடுத்து, தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டு, தெர்மல் பேஸ்ட் மாற்றி மாட்டினேன். ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கே திருப்தி.

சார் மைக்கில் ஒரு வரி பேசினார். ஹெட்போனில் போட்டுக் கேட்ட ஜாய்ஸ் முகம் விழுந்துவிட்டது. "இன்னும் வருதுண்ணா."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையிலா குறை? கார்டையே பிடுங்கிவிட்டு மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகினேன். "இன்னொரு தடவ பேசுங்க சார்" என்றேன். பேசினார். அப்போதும் வந்தது.

ஹெட்போனை வாங்கி நான் கேட்டேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் மட்டும் அந்த உர்ர். ஃபேன் சத்தம் அப்படி விட்டு விட்டு வராது. அப்போதுதான் புரிந்தது. தினமும் கேட்கிற குரல். மகளின் காது அந்த உர்ரை மட்டும் கழித்துக் கழித்தே கேட்டுப் பழகியிருக்கிறது. மைக்குக்கு அதெல்லாம் தெரியாது.

எப்படிச் சொல்வது என்று வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். சாரே சொன்னார்.

"அவர ஏம்மா தொந்தரவு பண்ற? அது ஃபேன் இல்ல. என் மூச்சு."

ஜாய்ஸ் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே என்னிடம், "சாஃப்ட்வேர் போட்டு எடுத்துட முடியுமாண்ணா?" என்றாள்.

"எடுக்கலாம்மா. ஆனா அதோட குரலும் கொஞ்சம் போயிடும்."

"அப்ப வேணாம். இருக்கட்டும்."

கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன். கஸ்டமர் ஃபேன் என்றதும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதே. முதலில் நீயே காதில் வாங்கு. சில சத்தத்துக்கு நம்மிடம் ஸ்பேர் கிடையாது. அதையும் எதிரே நின்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

கல்யாணத்தன்று ஸ்பீக்கர் வைத்து ஓட்டிக்கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள். சார் கழுத்தில் ஆபரேஷன் துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார். மகள் தலையில் கைவைத்ததும் நான் பிளே பண்ணினேன். மூச்சோடு சேர்ந்து குரல் வந்தது. சாரின் உதடும் கூடவே அசைந்தது. பதிவு செய்த அன்றைக்குக் கடைசி வரியில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது, மறுபடி பேசவைக்க ஜாய்ஸ் சம்மதிக்கவில்லை. அதனால் ஆமென் மட்டும் பதிவில் இல்லை. வீட்டில் நின்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். நானும் சொன்னேன்.