வயிற்றில் ஒரு பேனாக் குறி

பெருங்குடல் முழுக்கப் புண் என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. ஷிப்ட் மாற்றிக் கேட்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் பாகம் பொருத்தும் லைனில் எனக்கு வேலை. மாத்திரையிலேயே கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஒரேயடியாக ரத்தமாகப் போக ஆரம்பித்ததும், என் கணவர் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். டாக்டருக்குப் பொய்த் தைரியம் சொல்லும் பழக்கம் இல்லை. மூன்றாம் நாள் பார்க்கலாம் என்றார். எத்தனை தடவை போகிறது, ரத்தத்தில் அழற்சி அளவு எவ்வளவு, இந்த இரண்டையும் வைத்து ஸ்டீராய்டுக்கு உடம்பு கேட்கிறதா என்று சொல்லிவிடலாமாம். கேட்காவிட்டால் வேறொரு மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றில் பை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சொல்வது போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை நர்ஸிடம் நாலு தடவை என்றேன். டாக்டர் முகம் தெளிந்தது. மத்தியானம் ரத்தப் பரிசோதனை வந்தது. அதில் அளவு இறங்கவே இல்லை.

"ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலியேம்மா" என்றார் டாக்டர்.

"உள்ள போனா சீக்கிரம் வெளிய வர மாட்டா சார். நான் கதவ தட்டிக்கினே இருப்பேன்" என்றார் கணவர், என்னைப் போட்டுக்கொடுப்பது போல.

"உள்ள உக்காந்திருக்கும்போது எத்தன தடவ போவுது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"அது ஒரு தபாதான சார். லைன்ல ரிலீவர் வந்து நம்ம எடத்துல நின்னாதான் பாத்ரூம் போவ முடியும். வுட்டா, எல்லாத்தயும் முடிச்சிக்கினு வந்துடணும்."

வயிறு எத்தனை முறை முறுக்கினாலும் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டு வருவேன். எழுந்து வந்தால் ஒன்று. இத்தனை வருடமாக அதுதான் எனக்குக் கணக்கு. டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு முறுக்கலையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. ஸ்டீராய்டுக்குக் கேட்கவில்லை.

என் கணவர் ஒரகடத்தில் லாரி பாகங்களைச் சோதித்துப் பிரிக்கிறவர். நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம், அவ்வளவுதான் வேலை. நடுவில் எதுவும் இருப்பது அவருக்கு ஆகாது.

"அடுத்த மருந்துக்காவது ஒத்துக்குமா, ஒத்துக்காதா? அத்த மட்டும் சொல்லுங்க சார்."

"உறுதியா சொல்ல முடியாதுங்க. ரத்தத்துல புரதம் ரொம்பக் கம்மி. புண்ணும் ஆழம். இப்படி இருந்தா கேக்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. கேட்டவங்களும் உண்டு."

"இதுக்கா இவ்ளோ படிச்சாரு" என்று டாக்டர் போனபின் இவர் பொருமினார். எனக்கு டாக்டர் மேல் கோபமில்லை. அந்த மனிதர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். ஆபரேஷன் நடந்தே தீரும் என்றில்லையாம். நடந்தால் பை எங்கே வரும் என்று இப்போதே பார்த்து வைப்பார்களாம். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், பாவாடை நாடா எங்கே நிற்கும் என்று கேட்டார். தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, ஊதாப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டரை ஒட்டினார். "அழாதீங்க" என்றார். நான் அழவே இல்லை.

அந்த மருந்துக்குக் கேட்டது. இந்த முறை கணக்கை ஒழுங்காகச் சொன்னேன். கூடவே ரத்தத்தில் இருந்த அளவும் இறங்கியது. "உங்க விஷயத்துல நான் நெனச்சது தப்பாப் போச்சு. ரொம்ப சந்தோஷம்" என்றார் டாக்டர். கணவர் மாடிப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நானும் காத்திருந்து பார்த்தேன்.

"எவ்ளோ நாளைக்கு சார் தாங்கும்?" என்று கேட்டேன்.

"அதயும் இப்ப சொல்ல முடியாதும்மா."

தண்டலத்து வீட்டுக்கு வந்து முதல் குளியலில் பிளாஸ்டர் உரிந்து வந்தது. குறி அப்படியே இருந்தது. "அத்த நல்லா தேச்சி எடுத்துடு" என்று கதவுக்கு வெளியிலிருந்து கணவர் சொன்னார். சரி என்றேன். உடம்பு முழுக்க சோப்புப் போட்டேன், அந்த இடத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டு. அப்படியும் நாளாக ஆக மங்கிப்போனது. ஒருநாள் அவர் டூட்டிக்குப் போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து பார்த்து, அதே இடத்தில் பேனாவால் நானே திரும்பப் போட்டுக்கொண்டேன்.