தார்ப்பாய்க்கு அடியில் நீலப் பெட்டிகள்

ஒரகடத்தில் கார்க் கதவுக்குக் கீல் செய்கிற ஆலை ஒன்றில் ரகுநந்தன் உற்பத்தி மேலாளர். ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவருடைய அப்பா ஆயுசு முழுக்கப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் அடுப்பு முன்னால் நின்றவர். பிள்ளைக்கு வாய்த்தது பிரஸ் மெஷின். வேர்வை என்னவோ ஒன்றுதான். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ரகுநந்தன் பதிலுக்குச் சிரிப்பார். கெட்ட மனுஷர் இல்லை. இத்தனை வருஷம் லைனை ஓட்டினவருக்கு அந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் தலைக்கு மேலே ஒரு கேமராவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்ட வந்தவள் கமலினி, தலைமை அலுவலகத்துப் பெண். வெறும் கேமரா இல்லை, ஏஐ, தானே பார்க்கும், தானே எண்ணும், எங்கே தப்பு என்று தானே சொல்லும் என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். இனிமேல் நீங்கள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம் சார் என்று சிரித்தாள். எண்ண வேண்டாம் என்றால் அப்புறம் நான் எதற்கு என்று இவர் நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹெல்மெட் இல்லாதவன் போலீஸ்காரரைக் கடக்கிற மாதிரிதான் அந்தக் கேமராவைக் கடந்து போனார்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. எந்த ஆலையிலும் மேலாளர்கள் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. லைன் நன்றாக ஓடுகிற நாளில் வருகிறதை எல்லாம் கணக்கில் காட்டிவிட மாட்டார்கள். காட்டினால் மறுநாள் அதையே கேட்பார்களே. கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பார்கள். கரண்ட் போன நாள், ஆள் வராத நாள் அதை எடுத்துச் சேர்த்துக் காட்டுவார்கள். ரகுநந்தன் ஒதுக்கி வைத்தது குறை தீர்க்கத் திரும்பி வருகிற சரக்கைப் பூட்டி வைக்கும் கம்பிக் கூண்டில். சாவி அவரிடம்தான் இருக்கும். இந்தத் தடவை அவர் சேர்த்தது பங்குனி உத்திரத்துக்காக. லைனில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் அவர்களால் இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கு லீவு கிடைத்தது அந்தக் கூண்டின் தயவில். அது பையன்களுக்கே தெரியாது.

கேமரா வந்த கொஞ்ச நாளில் கமலினி கூட்டத்தில் ஒரு விஷயத்தை வைத்தாள். லைனை விட்டு இறங்குகிற கீல் அதிகம், கணக்கில் ஏறுகிற கீல் குறைவு. நடுவில் எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று அந்தக் கேமரா மெஷின் சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்டது. ஆலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட்தான் அதற்குத் திருட்டு என்று பேர் வைத்தார். கண்டுபிடித்துக் கொண்டு வாருங்கள் என்று ரகுநந்தனிடமே ஒப்படைத்தார்.

ரகுநந்தன் தன் சீட்டுக்கு வந்து மனசுக்குள் கணக்குப் போட்டார். போட்டவர் திகைத்துப் போனார். அவர் கூண்டில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு குறைகிறது. அப்படியானால் மற்றப் பாதி? உண்மையிலேயே எவனோ எடுக்கிறான். தானே ஒளித்து வைத்தவர் என்பது அந்த நிமிஷம் மறந்தே போயிற்று. தன் சரக்கில் எவன் கை வைத்தான் என்று கோபம்தான் வந்தது.

சந்தேகம் நேராகப் போய் உட்கார்ந்தது சுடலைக்கண்ணுவின் மேல். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற திருநெல்வேலிப் பையன். கீல் நிரப்பின நீலப் பெட்டிகளை லைனிலிருந்து கிடங்குக்குக் கொண்டுபோகிறவன் அவன்தான். அதிகம் பேச மாட்டான். பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது ரகுநந்தனின் எண்ணம். மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தாலும் அவன் வண்டியிலேயே உட்கார்ந்து குடிப்பான். அதுவும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் மாறுகிற சந்தடியில், ரகுநந்தன் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக ஒதுங்கி நின்றார். வண்டி கிடங்குக்குத் திரும்பவில்லை. பழைய பெயின்ட் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று. பின்னாலேயே போய்ப் பார்த்தால், தார்ப்பாயைத் தூக்கி, அடியில் இருந்த பெட்டிகளோடு இன்னொரு பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறான். ரகுநந்தன் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். சுடலைக்கண்ணுவின் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள்.

அவன் சத்தம் போடவில்லை. "நா எடுக்கல சார். சுபாஷ் சார் வைக்கச் சொன்னாவ, வச்சேன்" என்றான்.

சுபாஷ் அந்த ஷிஃப்டின் சூப்பர்வைசர், தண்டலத்துக்காரன். கூட்டிவந்து கேட்டார்கள். செக்யூரிட்டியின் முகத்தையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சுபாஷ் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுவிட்டான். சுடலைக்கண்ணு ஒரு தடவை அவனை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை. காலையில் விசாரணை, அதுவரை உள்ளே வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். விசாரணை என்றால் என்ன, வேலை போயிற்று என்று அர்த்தம். திருடன் என்ற பேரோடு போனவனை ஒரகடத்தில் எந்த ஆலையும் உள்ளே விடாது.

ரகுநந்தன் பைக்கை எடுக்கும்போது சுபாஷ் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"இன்னா சார் பண்ண சொல்றீங்க? நீங்க கூண்டுல வெக்கிறத பாத்துதான் நானும் வெச்சேன். எனக்கு மட்டும் டார்கெட் இல்லியா? அங்க ஆளுங்க முன்னால சொன்னா உங்க பேரும்தானே வரும்னு வாயை மூடிக்கினேன்."

இவனுக்கு எப்படித் தெரியும், வேறு யாருக்கெல்லாம் தெரியும், இவன் என்னைக் காப்பாற்றுகிறானா மிரட்டுகிறானா என்று வீடு வரைக்கும் ரகுநந்தன் மனசு குடைந்துகொண்டே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். மெஷின் கேட்ட கேள்விக்கு ஒரு திருடன் கிடைத்துவிட்டான். கூண்டை இனி யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

வீட்டில் அவருடைய மனைவி வேங்கடலக்ஷ்மி முகத்தைப் பார்த்ததுமே என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தவர், காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, தன் பக்கத்துக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டார். மடப்பள்ளியில் அப்பா தினமும் ஒரு தூக்குப் புளியோதரையைத் தனியாக எடுத்து மூடி வைப்பாரே, கடைசியில் வருகிறவனுக்கு வேண்டுமே என்று. தான் செய்ததும் அதுதானே என்றார்.

வேங்கடலக்ஷ்மி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா அதை ஒளிச்சு வெக்கலையே. அந்தத் தூக்கு எங்க இருக்குன்னு கோயில்ல எல்லாருக்கும் தெரியும். குழந்தைகள் கூட நேரே அங்க போய் நிக்கும். உங்களது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவருக்குக் கோபம் வந்தது.

காலையில் விசாரணைக்கு பிளான்ட் ஹெட், கமலினி, செக்யூரிட்டி ஆபீசர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைக்கண்ணு சுவரோரம் நின்றான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ரகுநந்தன் கூண்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"கூண்டுல இருக்கறது நான் வெச்சது. தார்ப்பாய்க்கு அடியில இருக்கறது சுபாஷ் வெச்சது. அவனுக்கு அந்தப் பழக்கம் என்கிட்டேர்ந்து வந்தது. இவன் வண்டி ஓட்டினான், அவ்வளவுதான். ஒரு பீஸ் கூட கேட்டைத் தாண்டலை."

போய் எண்ணிப் பார்த்தார்கள். மெஷின் சொன்னதற்குச் சரியாக இருந்தது. அதுதான் ரகுநந்தனுக்கு இன்னும் எரிச்சல். பிளான்ட் ஹெட் ரகுநந்தனிடம், இனி பதவி உயர்வு பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். சுபாஷை வேறு லைனுக்கு மாற்றினார்கள். சுடலைக்கண்ணுவுக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கே டார்கெட் ஏறிற்று. ஏறாமல் இருக்குமா?

உத்திரத்துக்கு லீவு என்ன ஆகும் என்று ரகுநந்தன் கேட்டார். முன்னாலேயே சொல்லி வைத்தால் அந்த வாரத்துத் திட்டத்தை மெஷினே குறைத்துவிடும் என்றாள் கமலினி. அவர் நம்பவில்லை. ஆனாலும் சொல்லி வைத்தார். அது குறைக்கவும் குறைத்தது. பையன்கள் பஸ் ஏறிப் போனார்கள். குறைத்தது முழுவதும் அடுத்த வாரத்துத் திட்டத்தில் வந்து ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, நினைத்தேன் என்று வாய்விட்டே சொன்னார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் கூட.

ஊரிலிருந்து திரும்பின சுடலைக்கண்ணு சாஸ்தா கோயில் திருநீற்றை எல்லாருக்கும் கொடுத்தான். ரகுநந்தனுக்கும் கொடுத்தான். அவர் நெற்றியில் அதை இட்டுக்கொண்டு, இரண்டாவது லைன் பெட்டிகளை மேற்குக் கிடங்கில் வைத்துவிடு என்றார். எப்போதும் சொல்கிற வேலைதான்.

சுடலைக்கண்ணு வண்டியில் ஏறினான். சாவியைத் திருப்பவில்லை. லைன் ஓரத்து மஞ்சள் கோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

"அங்கன நின்னு சொல்லுங்க சார். கேமரா பாக்குத எடத்துல."

ரகுநந்தன் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் நடந்துபோய் மஞ்சள் கோட்டுக்குள் நின்றார். தலைக்கு மேலே அந்தக் கண் சின்னதாகப் பச்சையாக எரிந்தது. கையை நீட்டி மேற்கே காட்டி, இரண்டாவது லைன் பெட்டி, மேற்குக் கிடங்கு என்று உரக்கச் சொன்னார். வண்டி கிளம்பிற்று.