பச்சை மையில் ஒரு வாக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வட லண்டனில் நாங்கள் குடியிருந்த வார்டில் ஒரு கவுன்சில் இடைத்தேர்தல் வந்தது. அதுவரை எனக்கும் அரசியலுக்கும் இருந்த தொடர்பு, செய்தி தொடங்கியதும் ரிவியின் சத்தத்தைக் குறைப்பதோடு சரி. அந்த ஒரு முறைதான் தலைகீழாக நின்று வேலை செய்தேன். காரணம் எங்கள் தெருமுனையில் இருந்த நேர்சரி.

அது கவுன்சில் நடத்திய நேர்சரி. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காலை எட்டு மணிக்கு அவளை அங்கே விட்டுவிட்டுத்தான் பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்டுக்கு ஓடுவேன். கணவர் அப்டன் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். விடிய முன்னமே கிளம்பிவிடுவார். நேர்சரியை மூடவேண்டும் என்று கவுன்சிலில் ஒரு பக்கம், கூடாது என்று மறுபக்கம். இரண்டும் சரிபாதி. எங்கள் வார்டுக் கவுன்சிலர் காலமாகிவிட, காலியான அந்த ஒரு கதிரைதான் முடிவு சொல்லவேண்டும் என்றாகிவிட்டது. நேர்சரி போனால் என் வேலையும் போகும். அவ்வளவுதான் கணக்கு.

மூடக்கூடாது என்று தேர்தலில் நின்றவர், நெடுங்காலம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் பஸ் அன்ரி. வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டியவரை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். எங்களுக்கு வாக்கில்லை, பிரஜாவுரிமை இன்னும் கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். கொமன்வெல்த் நாட்டில் இருந்து வந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்தால் போதும், பதிவுப் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்து வைத்திருப்பீர்களே என்றார். தேடிப் பார்த்தால், உண்மைதான். ஏதோ கவுன்சில் வரிப் பத்திரம் என்று நினைத்து நிரப்பி அனுப்பியிருந்தோம்! ஊரில் வாக்குச்சாவடிப் பக்கம் போகவே பயந்த நாங்கள், அகதியாக வந்த இடத்தில் ஒரு கவுன்சிலரைத் தெரிவுசெய்யலாமாம். எனக்கு உடம்பு புல்லரித்தது.

அன்றைக்கே துண்டுப்பிரசுரம் எழுத உட்கார்ந்தேன். கணவருக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சேரும், உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?"

"மூடிப்போட்டாங்கள் எண்டால் பிள்ளையை உங்கட கத்தரிக்காய்ப் பெட்டிக்கையோ இருத்தப் போறியள்?"

அவர் மேசையில் கிடந்ததை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் எழுதுவதைவிடப் படம் போட்டுக் காட்டுவது நல்லது என்று நினைத்தேன். ஒரு தாளையே வாக்குச்சீட்டைப் போலக் கட்டம் கட்டமாகக் கீறினேன். பஸ் அன்ரியின் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு புள்ளடி, பெருக்கல் குறி போல. கீழே, "இப்படியே போடுங்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. தாளின் தலையில், எந்தத் தாளை எடுத்தாலும் போடுவதைப் போல, பிள்ளையார் சுழி. பால்காரனுக்கு எழுதும் துண்டில்கூட நான் அதைப் போடாமல் விட்டதில்லை. கடையில் நூறு பிரதி எடுத்து, வீடு வீடாகப் போய்க் கையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை வாக்களிப்பு. சாவடியில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கியது. பென்சிலால் போட்டதை யாரும் அழித்துவிடலாமே! ஊரில் தேர்தல் பார்த்த கண் எனக்கு. கைப்பையில் இருந்த என் பச்சை மைப் பேனாவை எடுத்துப் புள்ளடி போட்டுவிட்டு, கெட்டிக்காரி என்ற நினைப்போடு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை நகரமண்டபத்தில் எண்ணினார்கள். பஸ் அன்ரி என்னையும் பார்வையாளராகப் பதிந்திருந்தார். ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல சேலையும் அதன்மேல் குளிர்க்கோட்டும் அணிந்து போனேன். நீள மேசைகளில் சீட்டுகளை விரித்து, கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். எங்கள் கட்டு ஏறும், அவர்களுடையது ஏறும். ஒவ்வொரு கட்டுக்கும் என் பச்சைப் பேனாவால் கோடு கீறிக்கொண்டே வந்தேன். கால் தரையில் நிற்கவில்லை. கிரிக்கெட் பார்க்கிற ஆண்கள் ஏன் கத்துகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

எண்ணி முடிந்தபோது பஸ் அன்ரி பன்னிரண்டு வாக்குகள் பின்னால் நின்றார். ஆனால் சந்தேகமான சீட்டுகள் என்று பதினான்கைத் தனியாக ஒரு தட்டில் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்து ஏஜன்டுகளையும் தேர்தல் அதிகாரி கூப்பிட்டார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

பதினான்கிலும் பஸ் அன்ரிக்கு நேரே அழகான புள்ளடி. பதினான்கின் தலையிலும் பிள்ளையார் சுழி.

என் துண்டுப்பிரசுரத்தைச் சனம் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறது! இப்படியே போடுங்கள் என்று எழுதினவள் நான்தானே. நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல் இருந்தது.

எதிர்ப்பக்கத்து ஏஜன்ட் சட்டப் புத்தகத்தோடு வந்திருந்தார். வாக்காளர் யார் என்று அடையாளம் காட்டும் குறி எதுவும் சீட்டில் இருக்கக்கூடாது, ஆகவே பதினான்கும் செல்லாது என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது என்ன குறி என்று பொதுவாகக் கேட்டார். நான் முன்னால் போனேன்.

நாங்கள் எதையும் எழுதத் தொடங்குமுன் கடவுளுக்குப் போடுகிற குறி என்றேன். என் ஆங்கிலம் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. கைப்பையை மேசையில் கவிழ்த்தேன். கணவர் எழுதிய சாமான் பட்டியல், ஒரு கலியாணக் கார்டு, தங்கை அனுப்பிய கடிதம். எல்லாவற்றின் தலையிலும் அதே சுழி. "இது யாருடைய அடையாளமும் இல்லை. நாங்கள் எல்லாரும் போடுகிறோம். எல்லாரும் போடுவதை வைத்து ஒரு ஆளை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

அதிகாரியின் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது. பதினான்கையும் என் முன்னால் பரப்பி, "இதில் ஏதாவது ஒன்று இன்னாருடையது என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

பார்த்தேன். பதின்மூன்று பென்சிலால் போட்டவை. ஒன்று மட்டும் பச்சை மை.

என் பேனா என் கையிலேயே இருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. முடியாது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது கதை. உண்மையைச் சொன்னால், ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்றால் மற்றவையும் அப்படித்தான் என்று பதினான்கையும் தள்ளிவிடலாம். நேர்சரி போய்விடும். மகளின் முகம் வந்து நின்றது. ஆனால் பொய் சொல்லி வெல்லுகிற தேர்தல்களை ஊரில் வேண்டியமட்டும் பார்த்திருந்தேன். அந்த ஆத்திரத்தில் அல்லவா இந்தத் தேர்தலுக்கு இப்படி ஓடித் திரிந்தேன்!

"ஒன்று" என்றேன். பேனாவை அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது என்னுடையது. மற்றவை யாருடையவை என்று சத்தியமாகத் தெரியாது."

அதிகாரி பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பச்சை மைச் சீட்டை எடுத்துச் செல்லாது என்று முத்திரை குத்தினார். மீதிப் பதின்மூன்றையும் ஒழுங்காக அடுக்கி, பஸ் அன்ரியின் கட்டின்மேல் வைத்தார்.

எதிர்ப்பக்கம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். இன்னொரு முறையும் எண்ணினார்கள். ஒரு வாக்கால் பஸ் அன்ரி வென்றார். ஒரேயொரு வாக்கு! மண்டபத்தின் நடுவில் நான் விசில் அடித்தேன். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. பஸ் அன்ரி ஓடிவந்து கட்டிப்பிடித்தார், இருவரும் அழுதோம்.

வீட்டுக்கு வந்தால் ரெலிபோன் ஓயவில்லை.

"கேள்விப்பட்டனீங்களோ, என்ர ஒரு வோட்டாலதான் அன்ரி வெண்டவ" என்றார் அடுத்த தெரு அண்ணை. மன்னார்க்காரியான கத்தோலிக்க அக்கா, "நாங்கள் வேதக்காரர்தான் பிள்ளை, எண்டாலும் நீங்கள் கீறின மாதிரியே சுழியும் போட்டுத்தான் குத்தினனான். அந்த ஒரு வோட் என்ரதான்" என்றார். கணவர் மரக்கறிப் பையோடு வாசலில் நின்றபடியே, "இஞ்சேரும், ஆற்ற வோட்டில வெண்டது? என்ர வோட்டிலதானே?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஓம் என்றேன்.

திங்கட்கிழமை காலை நேர்சரி வாசலில் தமிழ்த் தாய்மார் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் அந்த ஒரு வாக்கு தன்னுடையது என்று மற்றவளுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சொன்னது உண்மைதான். அந்த வார்டில் அப்படிச் சொல்ல முடியாத தமிழ் ஆள் நான் ஒருத்திதான். மகளின் கையை விட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.