தம்பியை நிமிர்த்திய கட்டளை

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ சிலிபினில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வியர்த்ததைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. இத்தனைக்கும் நான் பெண்ணுக்கு அத்தை. கோயில் மண்டபத்தில் ஏர்கோன் வேறு!

எல்லாம் ஒரு டீவியால் வந்த வினை.

பெண்ணின் அப்பா என் தம்பி கணேசன். லாரி ஓட்டுகிறவன். மகள் கல்யாணத்துக்கு வாசலில் கலர் பல்பு கட்ட ஆள் வைக்கலாம் என்று அவன் மனைவி விமலா படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டானா? ஏறும்போது ஏணியில் ஏறினான். இறங்கும்போது ஏணி தேவைப்படவில்லை. தொடை எலும்பு இரண்டு துண்டு. ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, “எழுந்து உட்காரவே கூடாது” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமே என்றோம். அவனே வேண்டாம் என்றான். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்துவிட்டார்களாம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்.

“தாலி கட்டுறத நான் பாக்கணும்க்கா. கட்டி முடிச்சதும் ரெண்டு பேரும் என் கால்ல விழணும், நான் அரிசி போட்டு ஆசீர்வாதம் பண்ணணும். நீதான் கம்ப்யூட்டர்ல கிழிக்கிறேனு பேப்பர்ல எல்லாம் எழுதுறியே... செஞ்சி காட்டு லா!”

பத்தி எழுதுவதில் இப்படியும் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்காரர்களும் படித்துத் தொலைக்கிறார்கள்.

வழக்கமாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் மடிக்கணினியைத் தெரியும். விண்டோஸ் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்ததால் லினக்ஸ் போட்டுக்கொண்ட கிழம். அதில் செட்டிங்ஸைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். ஆகவே திரை சம்பந்தமான எதுவாக இருந்தாலும் கறுப்புச் சன்னலைத் திறந்து, கட்டளையை எழுத்தெழுத்தாக டைப் செய்ய வேண்டும். எக்ஸ்ரேண்டர் என்று அந்தக் கட்டளைக்குப் பெயர். சொன்னது நடந்தால் அது வாயே திறக்காது. நடக்காவிட்டால் மட்டும் நாலு வரி திட்டும். என் வீட்டுக்காரரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு இந்தச் சுபாவம் புதிதில்லை.

ஏற்பாடு சுலபமானதுதான். கணேசனின் பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த சீன அங்கிள் ஒருவர் இருந்தார். கை இரண்டும் நன்றாக இருந்தன. போனைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டோம். “போலே, போலே!” என்று மலாயில் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பாவம், வார்டில் அவருக்கும் பொழுது போகவில்லை. அவர் போனைப் பிடிப்பார். என் மடிக்கணினியின் கேமரா வழியாகத் தம்பி மணமேடையைப் பார்ப்பான். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பெரிய டீவியில் தம்பியை எல்லாரும் பார்ப்பார்கள். முதல் நாளே என் வீட்டு டீவியில் ஓட்டிப் பார்த்தேன். பிரமாதம்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனால், டீவி நெட்டுக்குத்தாக நிற்கிறது!

பூஜை நேர அறிவிப்புப் போடுவதற்காக அப்படி மாட்டினார்களாம். ஆணி அடித்து, போல்ட் முடுக்கி, அசைக்கவே முடியாதபடி. அது போதாதென்று அலங்காரம் செய்ய வந்தவர் மிச்சமிருந்த மாலை ஒன்றை டீவிக்குப் போட்டிருந்தார். கீழே குத்துவிளக்கு. சுற்றி இருக்கும் எல்லாம் ஜொலிக்கும்போது டீவி மட்டும் மொட்டையாக நின்றால் அவருக்குப் பொறுக்கவில்லை போலும்.

வயரைச் செருகினேன். திரையில் என் தம்பி வந்தான். தலைகீழாக.

வௌவால் மாதிரி தொங்கினான். மண்டபமே சிரித்தது. ஓடாத டீவி உள்ள இடத்தில் எங்கிருந்துதான் இத்தனை எஞ்சினியர்கள் முளைப்பார்களோ! “வயரக் கழட்டி மாட்டுங்க.” “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” “ரிமோட் இருக்கா?” ஒருவர் டீவியின் மண்டையில் தட்டியே பார்த்தார்.

விஷயம் ரொம்ப எளிது. டீவி பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் படுத்திருப்பவன் தொங்குகிறான், படத்தையும் அதற்கேற்பத் திருப்பினால் முடிந்தது. எக்ஸ்ரேண்டரில் அதற்கென்றே நான்கு சொற்கள் உண்டு. நார்மல், லெஃப்ட், ரைட், இன்வர்ட்டட். எந்தத் திரையை என்று சொல்லி, எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

எந்தத் திரையை என்பதில்தான் பதற்றத்தில் கோட்டை விட்டேன். டீவியின் பெயருக்குப் பதில் மடிக்கணினியின் பெயரைக் கொடுத்துவிட்டேன். தம்பி அங்கே தொங்கியபடியே இருக்க, என் திரை படுத்துக்கொண்டது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடுத்த கட்டளையை டைப் செய்தேன். என்னைப் பார்த்து முன்வரிசையில் இருந்த நாலைந்து பேரும் கழுத்தைச் சாய்த்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஒருவழியாக இரண்டையும் சரிசெய்து எண்டரைத் தட்டினேன். கறுப்புச் சன்னல் ஒன்றும் சொல்லவில்லை. டீவியில் படம் அழகாகத் திரும்பியது. நேரான படம். எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் மண்டபம் கப்சிப்.

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். நெட்டையான திரை. நடுவில் வெள்ளைப் போர்வையோடு நீட்டிப் படுத்திருக்கும் என் தம்பி. சுற்றிலும் மாலை. கீழே விளக்கு.

பின்வரிசையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஓர் அம்மா, “ஐயோ, எப்பலா ஆச்சு?” என்று மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் ஆகவில்லை என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு பேர் ஓட வேண்டியதாயிற்று.

மேடையில் தர்ஷினிக்கு, அதுதான் கல்யாணப் பெண்ணுக்கு, கண்ணில் மை கரைய ஆரம்பித்துவிட்டது. விமலா என்னிடம் விறுவிறுவென்று வந்தாள்.

“அண்ணி, மாலைய எடுத்துடலாம். ஆனா படுத்திருக்கிறவங்க கால்ல எப்படி விழறது? நம்ம ஆளுங்க விடுவாங்களா?”

விட மாட்டார்கள். படுத்திருப்பவரின் காலைத் தொட்டுக் கும்பிடுவது நம்மிடையே ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கும்போதுகூட, “எழுந்து உட்காரு, அப்புறம் விழறோம்” என்று சொல்கிற கூட்டம் இது. டீவியில் படுத்திருப்பதற்கு மட்டும் சலுகை தருவார்களா? “அப்பனுக்குக் குணமான பிறகு வீட்டுல போய் விழட்டும்” என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நியாயமான குரல்தான். ஆனாலும் அந்த நிமிஷம் அந்தக் குரலின் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது.

இதெல்லாம் கணேசனுக்கும் கேட்டுவிட்டது.

“தர்ஷினி, அழாத லா! அப்பா எழுந்திரிக்கிறேன். அங்கிள், கொஞ்சம் பிடிங்க...”

கட்டில் கம்பியைப் பிடித்து எம்ப ஆரம்பித்துவிட்டான். முகம் வலியில் கோணியது. போன் ஆடியது. சீன அங்கிள் “ஐயோ, ஐயோ” என்று தமிழிலேயே கத்தினார். ஏணியில் ஏறாதே என்றபோது கேட்காதவன், இப்போது மட்டும் கேட்பானா? ஒட்டவைத்த எலும்பு அங்கேயே கழன்றுவிட்டால்?

“டேய், அசையாத!” என்று மைக்கை வாங்கிக் கத்தினேன். “நீ எழுந்திரிக்க வேணாம். நான் நிமித்துறேன்.”

ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். எப்படி என்பதை அதற்கப்புறம்தான் யோசித்தேன். படத்தைத் திருப்பாமல் விட்டபோது இவன் தலைகீழாகத் தொங்கினான் இல்லையா? அப்படியானால் அதைக் கவிழ்த்தால்?

இன்வர்ட்டட். எண்டர்.

என் தம்பி எழுந்து நின்றான்.

தலை மேலே, கால் கீழே. கட்டில் அவன் முதுகுக்குப் பின்னால் சுவர்போல் நின்றது. ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பார்களே, அந்த விறைப்பு. எமன் வீட்டு மாலையாக இருந்தது சம்பந்தி மாலையாக மாறிப்போனது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும்.

“அக்கா, என்னாச்சி? ஏன் கைதட்டுறாங்க?” என்றான் கணேசன். அவனுக்கென்ன தெரியும், அவன் மல்லாந்தபடியேதான் கிடக்கிறான்.

“நீ நின்னுட்டடா. பேசாம இரு.”

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சைகை காட்டினார். கெட்டிமேளம். தாலி ஏறியது. கணேசன் கையில் விமலா காலையிலேயே கொடுத்து அனுப்பிய மஞ்சள் அரிசிப் பொட்டலம் இருந்தது. படுத்தபடி அவன் அதை மேலே வீசினான். டீவியில் அது மேலே போகவில்லை. நேராகப் பக்கவாட்டில், மணமேடையை நோக்கிப் பறந்தது. குறி வைத்து எறிந்தால்கூட அப்படிப் போயிருக்காது. அடுத்த நொடி அவன் மூஞ்சிக்கே திரும்பி வந்தது வேறு கதை.

தர்ஷினி மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு டீவி முன்னால் வந்தாள். இருவரும் விழுந்தார்கள். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கட்டுப்போட்ட ஒரு கால், போர்வைக்கு வெளியே நீட்டிய ஐந்து விரல். அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலும் யாரும் தடுக்கவில்லை. “நல்லா இரும்மா” என்று ஆரம்பித்தவன் அழுதுவிட்டான். நானும் அழுதேன். கேலி எழுதுகிறவள் அழக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

அந்த நேரம் பார்த்து, கட்டிலில் அரிசி கொட்டிய சத்தம் கேட்டு வந்த நர்ஸ், டீவிக்குள் காற்றில் படுத்தபடி மிதந்து வந்து என் தம்பியைத் திட்ட ஆரம்பித்தார்.

மண்டபப் பொறுப்பாளர் என் காதருகே குனிந்தார். நல்ல மனிதர், எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும் அவருக்கு.

“அக்கா, நர்ஸ் பறக்குறாங்க பாருங்க. படம் தப்பா இருக்கு. சரி பண்ணிடுங்க லா.”

சரியான கட்டளை திரையில் தயாராகத்தான் இருந்தது. எண்டரைத் தட்டினால் போதும்.

“தெரியும்ண்ணே, தப்புத்தான்” என்று சொல்லி, மடிக்கணினியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.