மதினியின் காரத் தண்ணீர்

இன்று காலை ஒன்பது பத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். முற்றத்துத் தொட்டியில் சிப்பிச் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். சீறிக் கொதித்தது. தெறித்த சொட்டை இரு விரலால் தேய்த்தேன், வழுக்கியது. உடனே ஓடிப்போய்க் கை கழுவினேன். இத்தனை வருஷமாகியும் பயம் போகவில்லை. பயம் என்பதும் சரியான சொல் அல்ல.

அது யுத்த காலம். கடைகளில் சோப்பு கிடையாது. அண்ணனுக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை. மதினி சாத்தான்குளத்துக்காரி, அவள் அப்பா சோப்புக் காய்ச்சியவர். எங்கள் பின்கட்டில் சலவைச் சோடாவைக் கரைத்து, நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பைப் போட்டுக் காய்ச்சித் தெளியவைப்பாள். மேலே நிற்பது காரத் தண்ணீர், தோலை அரித்துவிடும். அதில் கோழிமுட்டையை விட்டால் நகத்தளவு வெளியே தெரிய வேண்டும், அதுதான் பதம். புன்னை எண்ணெயை ஊற்றிக் கிண்டினால் சோப்பு. அளவுகளை நோட்டில் எழுதுவது என் வேலை. பதினெட்டு வயதிலேயே நான் கோடு போடாமல் எழுத மாட்டேன்.

முதல் நாள் காரத் தண்ணீர் என் விரலில் பட்டது.

"மதினி, எண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருக்கு."

அவள் என் கையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினாள். "எண்ணெய் இல்ல ஏளா, ஒன் கொழுப்புதான் சோப்பாவுது. வழுக்குனா நிக்காம ஓடு."

கொழுப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் தினமும் புழங்கியது. கடைக்கு வருகிறவர்கள், "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா சோப்பு இருக்கா?" என்பார்கள். அண்ணன் அங்கே சிரிப்பார்; வீட்டுக்கு வந்து மதினியை அடிப்பார். "ஒனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுட்டி." ஒருமுறை கிண்டுகிற துடுப்பைப் பிடுங்கி வாயிலேயே அடித்தார். முன்பல் உடைந்தது. மதினி ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டு, துடுப்பை எடுத்து மறுபடி கிண்டினாள். நிறுத்தினால் எண்ணெய் பிரிந்துவிடும். நோட்டில் "தரம் நன்று" என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

காரத் தண்ணீர்ப் பக்கம் அலுமினியம் ஆகாது, பொங்கிவிடும். அண்ணனுக்கு அது தெரியாது. ஒரு மத்தியானம், "இன்னிக்கு ஒன் மூஞ்சியக் கழுவி விடுதேன்" என்று குடிதண்ணீர்ப் பானைமேல் மொள்ளக் கிடந்த அலுமினியப் போணியை எடுத்துக் காரத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினார். மதினிக்குப் பின்னால் சுவர். ஒதுங்க இடமில்லை. உடனே வீசியிருந்தால் அவள் கண் போயிருக்கும். ஆனால் அண்ணனுக்கு வைது முடித்துத்தான் அடிக்க வரும். அம்மா, அப்பா, சாத்தான்குளம் என்று வரிசையாக வைதார். அதற்குள் போணி சீறியது. நுரை பொங்கிக் கைமேல் வழிந்தது. போணியைப் போட்டுவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னட்டி இது, எண்ணெயா? வழுக்குது."

"எண்ணெய் இல்ல. ஒங்க கொழுப்பு கரையுது" என்றாள் மதினி.

என் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையில் ஊற்றியிருக்க வேண்டும். மதினியைப் பார்த்தேன், அவள் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பதினைந்தில் அவர் முகம் மாறியது. இருபதில் அலறினார். முப்பத்தொன்றில் மதினி, "ஊத்து" என்றாள்.

கை ஆற மூன்று மாதமாயிற்று. பிறகும் அடித்தார், இடது கையால். பழக்கமில்லாததால் பாதி அடி சுவரில் விழும்.

இப்போது அந்தச் சட்டி இல்லை, பின்கட்டு இல்லை. நோட்டைக் கரையான் தின்றது. அண்ணனும் மதினியும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் போனது அண்ணனின் கைரேகை. குறி சொல்ல வந்தவள் ஒருத்தி அந்த வலது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணையும் காணலியே அண்ணாச்சி!"

அடுக்களையில் மதினி சிரித்தாள். பல் போன இடத்தில் காற்றும் சேர்ந்து வந்தது.