வேதவல்லி அம்மாவின் இடது கண்

பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வேதவல்லி அம்மாவின் மகன் முரளி போனில் கூப்பிட்டான். “ஆண்ட்டி, அம்மா போய்ட்டாங்க.” எடுத்த பூவைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

வேதவல்லி அம்மாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. ஓய்வுக்குப் பிறகு விஜயநகரில் அடுத்தடுத்த தெரு. அவருடைய கணவர் காலமாகிவிட்டார். மகன் முரளி வெளிநாட்டில். எனக்கோ குடும்பமே கிடையாது. சாயங்காலக் காபி அவர் வீட்டில், வம்பு என் வாயில்.

முன்பு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை ஆனபோதே மகனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். “நான் எங்கயும் வரமாட்டேன். என் வீட்டுல தனியா இருந்துப்பேன்.” அதன்பின் அந்த நோயைப் பற்றிப் பேசவே விடமாட்டார். ஆண்டுகள் ஓடின, நானும் மறந்தேன்.

சென்ற தசராவுக்குக் கொலுப் படி கட்டினோம். மூன்றாம் படி வளைந்திருக்கிறது என்றார். அடியில் அட்டையை மடித்து வைத்தேன். “இன்னும் வளைவாத்தான் இருக்கு.” தச்சரை வரவழைத்து இருவருமாகத் திட்டித் தீர்த்தோம். அவர் பாவம், ரசமட்டம் வைத்துக் காட்டினார். பலகை நேராகத்தான் இருந்தது. வேதவல்லி அம்மா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ராஜா ராணி பொம்மைகளை எடுத்து வைத்தார்.

கண்ணாடியை மாற்றினார். அதையும் மாற்றினார். மருத்துவரிடம் போனால் முரளிக்குத் தெரிந்துவிடும், வீட்டைப் பூட்டச் சொல்வான் என்று பயம்.

நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். முன்பு வேறு ஏதாவது நோய் இருந்ததா என்று கண் மருத்துவர் கேட்டார்.

“பி.பி. மட்டும்.”

“மார்புல ஆபரேஷன் ஆச்சே, மேடம்!” என்றேன்.

“அது முடிஞ்சுபோனது, ராஜி. கண்ணுக்கு வந்த இடத்துல சும்னே காரணமில்லாம அத எதுக்குச் சொல்றே?”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். மார்பில் தோன்றிய புற்று ரத்தத்தோடு பயணம் செய்து, பல ஆண்டுகள் கழித்தும் விழித்திரைக்குப் பின்னால் வளரலாம் என்றார். நேர்கோடு வளைந்து தெரிந்தது அதனால்தான். ஸ்கேனில் கண்ணைச் சுற்றிய தசையிலும் கல்லீரலிலும் அது இருந்தது.

கதிர்வீச்சுக்குப் பிறகு பார்வை கொஞ்சம் தெளிந்தது. ஆனால் இமை தொங்கிப்போயிற்று; அதைத் தூக்கிப் பிடித்தால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். “ரெண்டு ராஜியா தெரியறே. ஒருத்தியையே தாங்க முடியல” என்று சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

முரளி வந்து கெஞ்சினான். அவர் அசையவில்லை. டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து, தானே காபி ஊற்றுவார். சிந்தியதைத் துடைக்கப் போனால் கோபம் வரும். கடைசியில் முரளிதான் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து இருந்தான். அவர் தம் படுக்கையிலேயே கண்மூடினார்.

காரியங்கள் முடிந்து முரளியும் கிளம்பிவிட்டான். நேற்றுச் சாயங்காலம் கால் பழக்கத்தில் அந்தத் தெருவுக்குப் போய்விட்டது. கேட்டில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அங்க யாரும் இல்ல, மேடம்” என்றார். தெரியும் என்றேன்.

தனியாக இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் போராடினீர்கள், வேதா மேடம். எனக்கு அது கேட்காமலே கிடைத்திருக்கிறது. போய் வாருங்கள்.