தம்பு, பி.

அவரிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வியே தப்பு. 1986ஆம் ஆண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டெங்கில் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். டை கட்டாமல் வேலைக்குப் போனதில்லை. அன்று காலை மேற்கோள் அட்டவணையின் புதிய தொகுதிகள் வந்திருந்தன. யார் எழுதிய அறிவியல் கட்டுரையை வேறு யார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பெயர்வாரியாகச் சொல்லும் தடித்த புத்தகங்கள் அவை. பருத்திப் புடவை கட்டிய ஓர் அம்மா வந்து நின்றார்.

“எந்தப் பேரு பாக்கணும் மேடம்?”

“தம்பு.”

“உங்க வீட்டுக்காரரா?”

அவர் சிரித்துவிட்டார். “தம்பு எங்கப்பா. ரிட்டையர்ட் ரயில்வே கிளார்க். இப்ப பிரிக்பீல்ட்ஸ் வீட்ல பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு.”

ரயில்வே கிளார்க்குக்கு அறிவியல் கட்டுரையில் என்ன வேலை? அவரே விளக்கினார்.

அவர் பெயர் புனிதவதி. இயற்பியல் விரிவுரையாளர். ஈயச் சுரங்கங்களில் ஒதுக்கித் தள்ளும் மணலில் தோரியம் இருக்கிறது. அதில் நியூட்ரான்கள் மோதினால் எத்தனை உள்ளே சிக்கிக்கொள்கின்றன என்று அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1974இல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு முதல் கட்டுரையை அனுப்பியபோது, புனிதவதி தம்பு என்று எழுதினார். கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அவர்கள் ‘பி. தம்பு’ என்று அச்சிட்டார்கள். கட்டுரை வந்ததே பெரிது என்று அப்போது சும்மா இருந்துவிட்டார். பின்னால் வந்தவையெல்லாம் அந்தப் பெயரிலேயே போயின.

பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். தம்பு, பி.: ஆறு மேற்கோள்கள். அவற்றில் நான்கு ஹிரானோ என்ற ஜப்பானியருடையவை.

“என் அளவை வச்சுத்தான் இவரு கணக்குப் போடுறாரு. ‘டியர் மிஸ்டர் தம்பு’ன்னு லெட்டர்கூட வரும். நானும் பி. தம்புன்னே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பிடுவேன். அச்சுல ஒரு பேரு, லெட்டர்ல ஒரு பேருன்னா குழம்பிடுவாரு லா.” தொகுதியை மூடினார். “ஒரு தடவையாவது அந்த மனுஷன் புனிதவதின்னு எழுதணும், தம்பி.”

பிறகு நகல்களை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது. வாசலிலேயே பெரியவர் தம்பு பிடித்துக்கொள்வார்.

“எனக்கு இந்த வருஷம் எத்தினை, தம்பி?”

“ஒன்பது, அங்கிள்.”

“கேட்டியோ பிள்ளை! ரயில்வேயில இருந்த காலம் முழுக்க ஒருத்தனும் என்ர பேரைச் சொல்லேல்ல.”

“ஒரு நியூட்ரானைப் பிடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்” என்பார் மகள்.

1991இல் அவருடைய பெரிய கட்டுரை முடிந்தது. பாங்கி என்ற ஊரில் இருந்த அணு உலையில், வேறொரு முறையில், முதலிலிருந்து எல்லாவற்றையும் அளந்திருந்தார். இணைப் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கும் நேரம். மேற்கோள்களெல்லாம் ஒரே பெயரில் சேர்ந்தால்தான் எடுபடும் என்று துறைத் தலைவர் எச்சரித்தார். புனிதவதி கேட்கவில்லை. கட்டுரையின் மேல் ‘புனிதவதி’ என்று மட்டும் போட்டு அனுப்பினார். அந்தப் பெயருக்கு ஒரு மேற்கோளும் இல்லை. பதவி கிடைக்கவில்லை.

அதன்பின் வந்த ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் தன் பெயரைத் தேடுவார். இருக்காது. தம்புவுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

1994இல் ஹிரானோவின் புதிய கட்டுரை வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். இதழைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். ‘தம்பு அளந்ததை, அவரோடு தொடர்பில்லாத புனிதவதி வேறு முறையில் அளந்து உறுதிசெய்துள்ளார். எனவே இந்த அளவை இனித் தயங்காமல் நம்பலாம்’ என்று இருந்தது.

விஷயம் கேட்டுப் பெரியவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். “நான் சொன்னது சரியெண்டு சொல்லிப்போட்டாய்! நல்ல மகள்!”

புனிதவதி சிரிக்கவில்லை. அச்சில் இருந்த தன் பெயரின்மேல் விரலை வைத்தார்.

“எழுதிட்டாரு, தம்பி.” பிறகு, “ஆனா ரெண்டு பேர் இல்லையே” என்றார்.

“யாருக்குத் தெரியப் போகுது டாக்டர்? விடுங்க லா.”

“ரெண்டு பேர் தனித்தனியா அளந்ததா நினைச்சு நம்புறாரு. ஒரே ஆள் அளந்தா, ஒரே தப்பை ரெண்டு தடவை செஞ்சிருக்கலாம் இல்ல?”

இரண்டும் நானே என்று அன்றைக்கே ஹிரானோவுக்கு எழுதிவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டார்: ‘தம்பு (புனிதவதி என்ற பெயரிலும் எழுதியவர்)’. இரண்டு பெயரும் ஒருவருடையவை என்று தெரிந்ததும் மற்றவர்கள் பழகிய பெயரையே வைத்துக்கொண்டார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்ததை யாரும் எடுத்து எழுதவில்லை.

போன ஆண்டு, 1997இல், பெரியவர் காலமானார். தம்பு, பி. என்ற பெயருக்கு அதன்பிறகும் மேற்கோள்கள் வந்துகொண்டிருக்கின்றன. புனிதவதி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது கிள்ளானில் தங்கை ரமணியின் வீட்டில் இருக்கிறார். தனியார் கல்லூரி ஒன்றில் வாரம் இரண்டு நாள் இயற்பியல் எடுக்கிறார்.